பதிவேடும் ஜாதி மாடும்

மலர்க் குழுவினர், "நம்ம ஊர் வரலாறு ஏதாவது எழுதுங்க சார்" என்றார்கள். அம்மையார் கோயில், பிரெஞ்சுக்காரர் ஆட்சி பற்றியெல்லாம் எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் மாட்டைப் பற்றி எழுதுகிறேன். சிரிக்காதீர்கள், இதுவும் வரலாறுதான்.

மாட்டுக்கு வம்சாவளிப் பதிவேடு போடும் வழக்கம் இங்கிலாந்தில் வேரூன்றியது. ஜார்ஜ் கோட்ஸ் என்பவர் 1822-ல் ஷார்ட்ஹார்ன் இனத்துக்கு முதல் பதிவேட்டை வெளியிட்டார். காரைக்காலை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களும் தங்கள் நாட்டில் வெள்ளை நிற ஷரோலே மாட்டுக்கு 1864-ல் பதிவேடு தொடங்கினார்கள். ஏர் இழுத்த ஷரோலே, பின்னாளில் உலகப் புகழ் பெற்ற இறைச்சி இனமாயிற்று. அன்றைய சென்னை மாகாணத்து ஓங்கோல் மாடு கடல் கடந்து பிரேசில் போய், 'நெலோர்' என்ற பெயரில் அந்நாட்டின் முதன்மையான இறைச்சி இனமாகிவிட்டது. அப்பன் யார், ஆத்தாள் யார் என்று எழுத்தில் இருந்தால்தான் அங்கெல்லாம் காளைக்கு மதிப்பு.

நமக்கும் ஓர் இனம் உண்டு. தலைஞாயிறு பக்கத்து உம்பளச்சேரி கிராமத்தின் பெயரைக் கொண்டது. தெற்கத்தி மாடு, மொட்டை மாடு என்றும் சொல்வார்கள்; பெரியவர்கள் வாயில் அது 'ஜாதி மாடு'தான். 1954 நவம்பர் 1 வரை நமக்கும் தஞ்சை ஜில்லாவுக்கும் நடுவே எல்லைக்கோடு இருந்தது. சேற்று வயலுக்கு எல்லை ஏது? உருவத்தில் சிறியது, ஆழச் சேற்றிலும் கால் வாங்காமல் உழும். பாலுக்குப் பேர் போனதல்ல. உழவு மாட்டுக்குக் கொம்பைத் தீய்த்துவிடுவார்கள், அதனால்தான் 'மொட்டை'. கன்று செம்பழுப்பாய்ப் பிறந்து, ஆறேழு மாதத்தில் சாம்பல் நிறமாய் மாறும்.

எங்கள் பக்கத்தில் இதற்குப் பதிவேடு கிடையாது. கன்றின் நெற்றிச் சுட்டி, கால் வெள்ளை, வால் நுனி மூன்றையும் பார்த்து, "இது இன்னார் வூட்டுக் காளையோட வித்துடா" என்று சொல்லும் கிழவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய கண்தான் பதிவேடு.

டிராக்டரும் பவர் டில்லரும் வந்தன, ஏர் போயிற்று. ஜெர்சி சினை ஊசி வந்தது, கலப்பு பெருகிற்று. கிழவர்களும் போய்ச் சேர்ந்தார்கள். 1984-ல் அமைந்த கர்னால் தேசியக் கால்நடை மரபு வள நிறுவனத்தின் பட்டியலில் இன்று உம்பளச்சேரிக்கு இடம் உண்டு. திருத்துறைப்பூண்டி அருகே கொருக்கையில் அரசுப் பண்ணையும் இந்த இனத்தை வளர்த்து வருகிறது. ஆனால் பட்டியலில் இனத்தின் பெயர் இருக்கிறதே தவிர, நம் தெருவில் நிற்கும் கன்றின் தாய் தகப்பன் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. வேலையில்லாத காளை தரகர் லாரியில் ஏறும்போது அதற்கு வம்சமும் இல்லை, பேரும் இல்லை, எடை மட்டும்தான்.

2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்தில் நாட்டு மாட்டுக்காக உரத்துக் குரல் கொடுத்தோம். குரல் மட்டும் போதாது, நண்பர்களே. ஊரில் நிலம் வைத்திருப்பவர்கள் ஒரு பசுவையாவது கட்டுங்கள். பாரிஸில் இருப்பவர்கள் அதன் தீவனச் செலவில் பங்கு கொள்ளுங்கள். கன்று பிறந்த தேதி, தாய், காளை, அடையாளம் நான்கையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வையுங்கள். கோட்ஸ் செய்ததும் அவ்வளவுதான்.