திருப்பாச்சேத்தி அரிவாள்

சிவகங்கை மாவட்டத்தில், மதுரையிலிருந்து மானாமதுரை செல்லும் வழியில் உள்ள திருப்பாச்சேத்தியின் கொல்லுப் பட்டறைகளில் கையால் அடிக்கப்படும் அரிவாள். தென்மாவட்டங்களில் அரிவாள் என்றதும் நினைவுக்கு வரும் ஊர் இதுவே.

மூலப்பொருள் பெரும்பாலும் பழைய லாரியின் வில்பட்டை. அதன் எஃகில் ஏறத்தாழ 0.5 முதல் 0.6 விழுக்காடு கரிமம் இருப்பதால் கூர்மை நிற்கும். வளைந்தாலும் எளிதில் முறியாது. கரி உலையில் பட்டையைச் செம்மஞ்சளாகக் காய்ச்சி, பட்டறைக்கல்லில் வைத்துச் சம்மட்டியால் அடித்து வடிவாக்குவர்.

அரிவாளின் தரத்தைத் தீர்மானிப்பது துவைச்சல்தான். பழுக்கக் காய்ச்சிய அரிவாளின் வாய்ப்பகுதியை மட்டும் நீரில் தோய்த்தால் அது கடினமாகும். முதுகு மென்மையாக நின்று அதிர்வைத் தாங்கும். முதுகில் எஞ்சிய சூடு வாய்க்குப் பரவும்போது எஃகின் மேல் வைக்கோல் மஞ்சள், ஊதா, நீலம் என நிறங்கள் ஓடும். வேண்டிய நிறத்தில் சூட்டைத் தணிக்கவேண்டும்; தவறினால் வாய் உதிரும் அல்லது மழுங்கும். எந்தக் கருவியும் இல்லாமல் கண்ணால் மட்டுமே இதைக் கணிப்பது அரிய திறன். பின் சாணை பிடித்து, மரப்பிடி பூட்டுவர்.

விறகு வெட்ட, தென்னை மட்டை கழிக்க, ஆடு அறுக்க எனப் பயனுக்கேற்ப வளைவும் எடையும் மாறும். கருப்பசாமி கோயில்களுக்கு நேர்த்திக்கடனாக ஆளுயர அரிவாள்களும் செய்யப்படுகின்றன.

அரிவாளுக்குத் தோலுறை தைப்பவர்கள் நனைத்த தடித்த தோலை அதன் மேல் பொருத்தி உலரவிடுவர்; வாய் படும் ஓரத்தில் தையலை வெட்டாதபடி கூடுதல் தோல்பட்டை வைப்பர். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் இதற்கு ஏற்றது.