வருங்காலம் தெரிந்தவளை யார் அடிப்பது?

காமிக்ஸ் ரசிகர்களின் பழைய கேள்வி ஒன்று உண்டு: இவனும் அவனும் மோதினால் யார் ஜெயிப்பார்கள்? பலம், வேகம், ஆயுதம் என்று கணக்குப் போட்டு எப்படியோ ஒரு முடிவுக்கு வந்துவிடலாம். ஒரு பக்கம் வருங்காலத்தைப் பார்ப்பவர் வந்து நின்றால்தான் சிக்கல். அடி எங்கே விழும் என்று முன்பே தெரிந்தவரை எப்படி அடிப்பது? “அப்போ அவங்கதான் ஜெயிப்பாங்க, வேற என்ன” என்பார் ஒருவர். “எந்த இதழ்ல வந்திருக்கு, காட்டு” என்பார் இன்னொருவர்.

இந்த இரண்டாவது ஆள் கேட்பதுதான் கேனன். அதாவது, நடந்ததாக ஒப்புக்கொள்ளப்பட்ட கதை. பைபிளில் எந்த நூல்கள் சேரும் என்று தீர்மானிக்கப் பயன்பட்ட சொல் இது. 1911இல் ரொனால்ட் நாக்ஸ் என்பவர் வேத ஆராய்ச்சியைக் கிண்டலடிக்கும் பாணியில் ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். கிண்டல் போய், ரசிகர்களிடம் சொல் மட்டும் சீரியஸாகத் தங்கிவிட்டது.

சரி, ஆதாரத்தையே பார்ப்போம். டிசியின் ‘அட்வெஞ்சர் காமிக்ஸ்’ 317ஆம் இதழ், 1964. லீஜன் ஆஃப் சூப்பர்ஹீரோஸ் என்ற எதிர்கால இளைஞர் படையில் ட்ரீம் கேர்ள் வந்து சேர்கிறாள். சேர்ந்ததும் சிலரைத் தந்திரமாக வெளியேற்றுகிறாள். பார்த்தால் வில்லி மாதிரி இருக்கும். உண்மையில் ஏழு பேர் சாவதைக் கனவில் கண்டு அவர்களைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்திருக்கிறாள். கடைசியில் அழிந்தது அவர்களைப் போலவே செய்யப்பட்ட நகல்கள்! கனவு பொய்யில்லை, அவள் அதைப் புரிந்துகொண்ட விதம்தான் தப்பு.

1981இல் மார்வெலின் எக்ஸ்-மென் கதையில் டெஸ்டினி வருகிறாள். பார்வையற்றவள், ஆனால் வரப்போவது தெரியும். செனட்டர் கெல்லியைக் கொல்லக் குறிவைக்கிறாள். கிட்டி பிரைட் அவள் உடலை ஊடுருவிக்கொண்டு பாய, குறி தவறுகிறது. 1986-87இல் வந்த ‘வாட்ச்மென்’னில் டாக்டர் மன்ஹாட்டனுக்குத் தன் காலம் முழுவதும் ஒரே நேரத்தில் தெரியும். அவருக்கும் டாக்கியான் துகள்கள் திரை போட்டுவிடுகின்றன.

மூன்றிலும் ஓட்டை வைத்தவர் எழுத்தாளர். ஓட்டை இல்லையென்றால் கதை முதல் பக்கத்திலேயே முடிந்துவிடுமே! அதனால் டெஸ்டினி தோற்றதைக் காட்டி “பாரு, அவ பவர் இவ்வளவுதான்” என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. கெல்லி அன்று பிழைத்தாக வேண்டும், கதைக்கு அது தேவை. அந்த இதழ் காட்டுவது அவ்வளவுதான்.

இதைவிடப் பெரிய தலைவலி, கேனனே நிலையில்லாதது. 1985-86இல் டிசி ‘க்ரைஸிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்’ தொடரில் தன் பல உலகங்களை ஒன்றாக்கியது. 1986இல் ஜான் பைர்ன் சூப்பர்மேன் கதையைப் புதிதாக எழுதியபோது சூப்பர்பாய் பருவமே இல்லை என்றாகிவிட்டது. லீஜன் படை உருவானதே சூப்பர்பாயை முன்மாதிரியாகக் கொண்டு! ஒட்டுப்போட்டுச் சமாளித்துப் பார்த்தார்கள். 1994இல் லீஜன் கதையையே முதலிலிருந்து தொடங்கினார்கள். அப்படியானால் அந்த ஏழு பேர் கனவு நடந்ததா, இல்லையா?

நடந்தது என்றுதான் சொல்வேன். அச்சாகி, சிறுவர்கள் காசு கொடுத்து வாங்கிப் படித்த கதையை ஒரு கம்பெனி வாபஸ் வாங்க முடியாது. விவாதத்தில் “1964 ட்ரீம் கேர்ள்” என்று வருடத்தோடு சொன்னால் பாதிச் சண்டை குறையும்.

மீதிப் பாதி குறையாது. 1996இல் டிசியும் மார்வெலும் சேர்ந்து நடத்திய மோதல் தொடரில் ஐந்து சண்டைகளின் முடிவை வாசகர்களின் வோட்டுக்கே விட்டார்கள். ஸ்டார்ம் வொண்டர் வுமனை ஜெயித்தாள். சூப்பர்மேனோடு மல்லுக்கட்டிய லோபோவை வுல்வரின் ஜெயித்தான். இரண்டு கம்பெனியும் சேர்ந்து அச்சிட்டது, இதைவிட அதிகாரபூர்வமான ஆதாரம் எங்கே கிடைக்கும்? ஆனா ஒரு லோபோ ரசிகரிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள். அந்தச் சண்டை ஒரு மதுக்கடையில் நடக்கிறது. இருவரும் கவுன்ட்டருக்குப் பின்னால் விழுகிறார்கள், வுல்வரின் மட்டும் எழுந்து வருகிறான். நடுவில் என்ன நடந்தது என்பதை வரையவே இல்லை.