புல்லட்டுக்கு ரீபோர்

அமெரிக்காவுல மஸில் கார் சிலிண்டரைக் கடையுறது பெரும்பாலும் பவருக்காக. நம்ம ஊர்ல வண்டி சாகாம இருக்க!

1955-ல் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியது, ஆலை திருவொற்றியூரில். 1967-ல் இங்கிலாந்தின் ரெட்டிச் ஆலை மூடிய பிறகும் இங்கே வார்ப்பிரும்பு புல்லட் ஓடியது. போர் 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 90. மொத்தம் 346 சிசி.

சிலிண்டர் தேய்ந்தால் புகை கக்கும். அப்போ அம்பத்தூர் லேத் பட்டறைதான் கதி. முதல்ல பெரிய சைஸ் பிஸ்டன் வாங்கணும். அதை அளந்துதான் சிலிண்டரைக் கடைவாங்க. கடைசியா ஹோனிங். சுவர் கண்ணாடி மாதிரி வழுவழுன்னு இருந்தா ஆயில் நிக்காது, மெல்லிசா கீறல் வேணும். விட்டம் ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் 356 சிசிதான். பத்து சிசிக்கு யாருங்க ரேஸ் ஓட்டுவாங்க?

அப்பா புல்லட்டை நானும் கொண்டுபோனேன். "இதுதான் கடைசி சைஸ், தம்பி. அடுத்து ஸ்லீவ்தான்"னார் மேஸ்திரி. அப்பாகிட்ட இன்னும் சொல்லலை.