பத்து டாலர் பந்தயம்

என் அக்கா பொண்ணு சட்டம் நாலாவது வருஷம் படிக்கிறாள். கட்டுரைப் போட்டி, பெண் வழக்கறிஞர்களுக்கான கருத்தரங்கு என்று எந்த அறிவிப்பு வந்தாலும் எனக்கும் அனுப்பிவிடுவாள். போன வாரம் ஒன்றை அனுப்பிவிட்டு, "இதெல்லாம் எழுதினா யாரு மாமா படிக்கப் போறாங்க?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்ன கதையை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

பாலி முர்ரே, 1910ல் பிறந்த அமெரிக்கக் கறுப்பினப் பெண். வாஷிங்டனில் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தார். கறுப்பின மாணவர்களுக்காகவே இருந்த இடம்தான்; ஆனால் அவர் வகுப்பில் அவர் ஒருவர்தான் பெண்.

அன்றைய இனப் பிரிவினைக்குச் சட்ட அடித்தளம் 1896ல் வந்த பிளெஸ்ஸி தீர்ப்பு. வசதி சமமாக இருந்தால் போதும், கறுப்பர்களைத் தனியே ஒதுக்கலாம் என்பது அதன் சாரம். எனவே கறுப்பின வழக்கறிஞர்கள் பெரும்பாலும் "வசதி சமமாக இல்லையே" என்றுதான் வாதாடினார்கள். ஒதுக்குவதே தப்பு, நேரடியாக அந்தத் தீர்ப்பையே தாக்கணும் என்று முர்ரே வகுப்பில் சொன்னதும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். 25 வருஷத்துக்குள் அது கவிழும் என்று பேராசிரியர் ஸ்பாட்ஸ்வுட் ராபின்சனிடம் பத்து டாலர் பந்தயம் கட்டினார். அதே வாதத்தை இறுதியாண்டுக் கட்டுரையாகவும் எழுதிக் கொடுத்தார்.

1944ல் வகுப்பில் முதலிடம். உதவித்தொகையும் கிடைத்தது. ஆனால் மேற்படிப்புக்கு ஹார்வர்ட் சட்டக் கல்லூரி சேர்த்துக்கொள்ளவில்லை. காரணம் நிறமல்ல, பெண் என்பது. ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் கடிதமே போயும் பலனில்லை. (அங்கே பெண்கள் நுழைந்தது 1950ல்தான்.) பெர்க்லிக்குப் போய்ப் படித்தார்.

பிறகு நியூயார்க்கில் வருமானம் போதாத தொழில். அப்போது மெதடிஸ்ட் சபையின் பெண்கள் பிரிவு, எந்தெந்த மாநிலச் சட்டம் பிரிவினையைக் கட்டாயமாக்குகிறது என்று தொகுத்துத் தரக் கேட்டது. சின்னக் கையேடு போதும் என்று நினைத்தவர்களுக்கு 1951ல் கிடைத்தது 746 பக்கப் புத்தகம்! பிரிவினையை எதிர்த்து வழக்காடியவர்களுக்கு அதுவே கைநூல் ஆனது. தர்கூட் மார்ஷல் அதைத் தங்கள் பைபிள் என்றே சொன்னார்.

1954ல் பிரவுன் வழக்கில் பள்ளிகளில் பிரிவினை செல்லாது என்று தீர்ப்பு வந்தது. வழக்கை நடத்திய குழுவில் ராபின்சனும் இருந்தார். தயாரிப்பின்போது அந்தப் பழைய மாணவக் கட்டுரையை அவர் எடுத்துப் பார்த்திருக்கிறார். இது முர்ரேக்குத் தெரிந்ததே பல வருஷம் கழித்துத்தான். நம்ம கோடை யாரோ எடுத்துப் போட்டு, நமக்கே தெரியாமல் ஓடிக்கொண்டிருப்பது மாதிரி. எனக்கு இது கோபம் வரவைக்கிற இடம்.

1965ல் மேரி ஈஸ்ட்வுட்டுடன் சேர்ந்து, இனப் பாகுபாட்டுக்கு எதிரான வாதங்களைப் பெண்களுக்கும் பொருத்தி ஒரு கட்டுரை எழுதினார். 1971ல் ரீட் வழக்கில் வாதுரை எழுதிய ரூத் பேடர் கின்ஸ்பர்க், முகப்பில் முர்ரே பெயரையும் டோரதி கென்யன் பெயரையும் சேர்த்தார். அந்த வாதுரையை அவர்கள் இருவரும் எழுதவில்லை. யோசனை அவர்களுடையது, அதனால் பெயர்.

அக்கா பொண்ணு இன்னும் தலைப்பே முடிவு பண்ணவில்லை. கடைசித் தேதி வெள்ளிக்கிழமை.