கூதிரும் சரத்தும்: பருவ ஒழுக்கச் சொற்கள் தமிழுக்கு வந்த வழி

ஆயுர்வேத நூல்கள் நோய் தீர்ப்பதைப் பேசுவதற்கு முன்பே நோய் அணுகாமல் வாழ்வதைப் பேசுகின்றன. சரக சங்கிதையின் சூத்திரத்தானத்தில் ஆறாம் இயலும், சுசுருத சங்கிதையின் சூத்திரத்தானத்தில் அதே எண்ணுள்ள இயலும், வாக்படரின் அட்டாங்க இருதயத்தில் மூன்றாம் இயலும் பருவந்தோறும் மாற வேண்டிய உணவு, குளியல், உறக்கம், பூச்சு ஆகியவற்றை விரித்துரைக்கின்றன. வடமொழியில் இதற்கு ருதுசரியை என்று பெயர். இவ்வியல்களைத் தமிழாக்குவோருக்கு முதலில் எளிதாகத் தோன்றும் பகுதி பருவப் பெயர்களே. அங்கும் ஆறு, இங்கும் ஆறு. வரிசையும் ஒன்றுபோலவே அமைகின்றது. இவ்வெளிமையே பிழைக்கு இடமாயிற்று என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்ட முயல்கின்றது.

வழக்கமான இணைப்பட்டியல் வருமாறு: வர்ஷம் கார், சரத் கூதிர், ஹேமந்தம் முன்பனி, சிசிரம் பின்பனி, வசந்தம் இளவேனில், கிரீஷ்மம் முதுவேனில். மாதங்களும் பொருந்துவதாகவே தோன்றும். சுசுருதத்தில் சரத் என்பது ஆசுவினமும் கார்த்திகமும். தமிழ் உரையாசிரியர் மரபில் கூதிர் என்பது ஐப்பசியும் கார்த்திகையும். பெயரும் மாதமும் ஒத்தபின் ஐயப்பட என்ன இருக்கின்றது? ஐயம் எழ வேண்டிய இடம் பருவத்தின் உள்ளடக்கமாகும்.

வடநூல்கள் காட்டும் சரத், மழை ஓய்ந்து வானம் வெளுத்து, ஈரத்துக்குப் பழகிய உடல்மீது திடீரென வெயில் உறைக்கும் காலம். மழைநாளில் சேர்ந்த பித்தம் அப்போது கிளர்ந்தெழும் என்பது கோட்பாடு. அதற்கேற்பவே கசப்பு மருந்திட்ட நெய், பேதி, குருதி வாங்குதல் ஆகியவை விதிக்கப்படுகின்றன. சந்தனமும் வெட்டிவேரும் கருப்பூரமும் பூசி, முத்துமாலை அணிந்து, முன்னிரவில் மேல்மாடத்து நிலவில் இருத்தல் வேண்டும் என்கின்றது அட்டாங்க இருதயம். எண்ணெய், தயிர், வயிறு முட்ட உண்ணல், பகலுறக்கம் ஆகியவை விலக்கப்படுகின்றன. பகலில் ஞாயிற்றாலும் இரவில் திங்களாலும் பண்பட்டு, அகத்திய மீனின் தோற்றத்தால் தூய்மையுற்ற நீரை அம்சோதகம் எனப் போற்றுவதும் இப்பருவத்துக்கு உரியதே.

இனித் தமிழ்க் கூதிரைப் பார்க்கலாம். அதற்கு மருத்துவ நூலினும் சிறந்த சான்று நெடுநல்வாடை. கூதிர் நிலைபெற்றுவிட்ட பொழுதைப் பாடும் அப்பாட்டில், வடநாட்டார் கொணர்ந்த சந்தனக்கல் பயன்படாமல் கிடக்கின்றது. குறுகிய வாயுடைய கலத்துக் குளிர்ந்த நீரை எவரும் பருகுவதில்லை. அகன்ற வாயுடைய நெருப்புச் சட்டியைச் சூழ்ந்திருக்கின்றனர். தென்றல் வருவதற்கென மேல்மாடத்தில் அமைந்த வேனிற்பள்ளியின் கதவுகள் தாழிடப்பட்டுள்ளன. வாக்படர் சரத்துக்கு விதித்த சந்தனம், குளிர்நீர், மேல்மாடம் ஆகிய மூன்றையும் நக்கீரர் கூதிரில் விலக்கி வைத்துவிட்டார்! இருவரும் தத்தம் நிலத்தின் வானிலையைச் சரியாகவே கூறினர் என்று கொள்வதே முறை. வாக்படர் பெயரில் வழங்கும் அட்டாங்க சங்கிரகம் அதன் ஆசிரியர் பிறந்த நாடு சிந்து என்கின்றது. தமிழகம் தன் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியை அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவக்காற்றால் பெறுகின்றது. எனவே சரத்தின் தெளிந்த வானம் ஐப்பசியில் இங்கு வாய்ப்பதற்கில்லை.

மாத ஒற்றுமையும் உண்மையில் பெயரளவில்தான் உள்ளது. வங்காளத்தின் ஆண்டும் தமிழாண்டைப் போலவே ஞாயிற்றை ஒட்டியது. ஏப்ரல் நடுவில் தொடங்குவது. ஆனால் நாம் சித்திரை என்னும் அம்மாதத்தை அவர்கள் வைசாகம் என்பர். நம் ஆவணி அவர்களுக்குப் பாத்திரபதம். அவர்கள் வழக்கில் சரத் என்பது பாத்திரபதமும் ஆசுவினமும். அதாவது நம் ஆவணியும் புரட்டாசியும். ஆகஸ்ட் நடுவில் வங்காளி சரத்தில் நுழையும்போது தமிழர் காரில் நுழைகின்றனர். நம் பட்டியல்படி சரத் வருவதற்கு இன்னும் இரு மாதம் உண்டு. இவ்விடைவெளியில் ஒரு மாதம் பெயர் மாற்றத்தால் வந்தது. மற்றொரு மாதம், எம்மாதங்களை இணைத்து ஒரு பருவம் ஆக்குவது என்பதில் உள்ள வேறுபாட்டால் வந்தது.

சித்த மருத்துவப் பாடநூல்களில் இதன் விளைவைத் தெளிவாகக் காணலாம். சயம், பிரகோபம், பிரசமம் என்னும் மூன்று கலைச்சொற்களுக்குத் தன்னிலை வளர்ச்சி, வேற்றுநிலை வளர்ச்சி, தன்னிலையடைதல் என்னும் தொடர்கள் அவற்றில் வழங்குகின்றன. ஒலிபெயர்ப்பில் நின்றுவிடாமல் கருத்தை உள்வாங்கி அமைந்த இத்தொடர்களைக் கலைச்சொல்லாக்கத்தின் நல்ல எடுத்துக்காட்டுகளாக நான் கருதுகின்றேன். ஆனால் அதே அட்டவணையில், காரில் வளி வேற்றுநிலை வளர்ச்சியும் அழல் தன்னிலை வளர்ச்சியும் பெறும் என்றும், கூதிரில் அழல் வேற்றுநிலை வளர்ச்சி பெறும் என்றும் காணப்படுகின்றது. வடநூல் வர்ஷத்துக்கும் சரத்துக்கும் கூறியது இதுவே. கோட்பாட்டுச் சொற்களைப் பொருள் நோக்கிப் பெயர்த்த மரபு, பருவப் பெயர்களை மட்டும் வரிசை எண் நோக்கிப் பொருத்திவிட்டது. நெருப்புச் சட்டியை நாடும் கூதிரில் வெயிலால் அழல் பொங்குவதாகக் கூற நேர்ந்தது இவ்வாறுதான்.

மக்கள் வழக்கு இவ்வட்டவணைக்குக் கட்டுப்படவில்லை. ஐப்பசித் தீபாவளியில் சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், கொத்தமல்லி விதை ஆகியவற்றை வெல்லமும் நெய்யும் நல்லெண்ணெயும் சேர்த்துக் கிளறிய இலேகியத்தை உண்கின்றனர். சரத்துக்கு விலக்கப்பட்ட எண்ணெய் இதில் உண்டு; பித்தத்தைத் தணிக்கும் பொருள்களெனச் சொல்லத்தக்கவை கொத்தமல்லியும் நெய்யும் போன்ற சிலவே. மந்தமான பசித்தீயைத் தூண்டத் திப்பிலியும் சுக்கும் அடங்கிய பஞ்சகோலத்தை வாக்படர் விதிப்பது வர்ஷத்துக்கு. ஆகவே தமிழ்ச் சமையலறை ஐப்பசியை மழைக்காலமாகவே கொண்டு அதற்குரிய ஒழுக்கத்தைக் கைக்கொண்டுள்ளது. அன்றைய எண்ணெய்க் குளியலை இதற்குச் சான்றாகக் காட்டுவதற்கில்லை. மழை விட்ட மராட்டியத்திலும் அது உண்டு. இலேகியத்தின் சான்று அதனினும் வலியது.

இளவேனிலிலும் நிலை இதுவே. பனியில் உறைந்த கபம் இளவெயிலில் உருகும் காலம் வடநூலின் வசந்தம். இனிப்பும் நெய்ப்பும் குறைத்து, பழைய வாற்கோதுமையும் தேனும் கொள்ளுமாறு அது கூறும். நம் சித்திரை, வைகாசியிலோ அக்கினி நட்சத்திரம் வந்துவிடுகின்றது. இங்கே பானகமும் நீர்மோரும் வழங்கப்படுவது கிரீஷ்ம ஒழுக்கம். மார்கழியில் மட்டும் இரண்டும் கூடிவருகின்றன. நெய்யும் மிளகும் மிக்க வெண்பொங்கல் ஹேமந்தத்துக்கு முற்றும் பொருந்தும்.

அண்டை நாடான கேரளம் இச்சிக்கலில் அகப்படவில்லை. அங்கே அட்டாங்க இருதயம் வடமொழியிலேயே வழிவழியாக ஓதப்பட்டது. மழைக்கால ஒழுக்கம் கர்க்கடக மாதத்தில், அதாவது நம் ஆடியில், மருந்துக் கஞ்சியும் எண்ணெய்ச் சிகிச்சையுமாக நிலைபெற்றது. தென்மேற்குப் பருவமழை அங்கே அப்போது பெய்கின்றது என்பது முதற் காரணம். மொழியியலாளர் கருதத்தக்க மற்றொன்றும் உண்டு: கொல்லம் ஆண்டின் மாதங்கள் சிங்கம், கன்னி என இராசிப் பெயர்களால் வழங்குகின்றன. சிராவணத்தின் வழிவந்த ஆவணி என்னும் பெயர் ஏற்படுத்தும் மயக்கத்துக்கு அங்கே இடமில்லை.

நில வேறுபாட்டை வடமொழி மரபும் அறியாததன்று. கங்கைக்குத் தெற்கே மழை மிகுதியாதலின் மழைக்காலத்தைப் பிராவிருட், வர்ஷம் என இரண்டாக்குக என்றும், வடக்கே குளிர் மிகுதியாதலின் குளிர்காலத்தை ஹேமந்தம், சிசிரம் என இரண்டாக்குக என்றும் காசியபர் பெயரால் ஒரு விளக்கம் உரைகளில் வழங்குகின்றது. சுசுருதமே குற்றங்களின் வளர்ச்சியைக் கூறுமிடத்தில் சிசிரத்தை விட்டுப் பிராவிருட்டைச் சேர்த்து வேறொரு பட்டியல் தருகின்றது. பட்டியல் நிலத்துக்கேற்ப மாறலாம் என்னும் இவ்விசைவு தமிழாக்கத்தில் வெளிப்படாமற்போனது வருந்தத்தக்கது.

சரியை என்பதற்கு ஒழுக்கம் என்ற சொல்லைத் தேர்ந்தது மிகப் பொருத்தமானது. சரியை சர் (செல்லுதல்) என்னும் அடியிலிருந்தும், ஒழுக்கம் ஒழுகு என்பதிலிருந்தும் பிறந்தவை. இரண்டும் இயக்கத்தைச் சுட்டி நடத்தையைக் குறிக்க வந்தவை. அட்டாங்க இருதயத்தின் தினசரியை இயல் பல் துலக்குவதையும் பொய்யாமையையும் ஒருங்கே கூறுவதால், நாளொழுக்கம் என்னும் ஆக்கம் இரு பொருளையும் தாங்கி நிற்கின்றது. பத்தியம் என்ற சொல்லோ, தகுந்தது என்ற விரிந்த பொருளை இழந்து, மருந்துண்ணும்போது விலக்க வேண்டியதைக் குறிக்கும் அளவுக்குத் தமிழில் சுருங்கிவிட்டது. சாத்மியம் என்பதற்கு நம் பேச்சிலுள்ள ‘உடம்புக்கு ஒத்துக்கொள்ளுதல்’ என்பதைவிட நல்ல பெயர்ப்பு எனக்குத் தெரியவில்லை.

அண்மைக்காலத்தில் ஆங்கிலம் வழியாக வரும் நலவாழ்வுக் கட்டுரைகளில் சரத் இலையுதிர்காலம் ஆகின்றது. சிந்துவெளியின் வெயிற்பருவம் ஐரோப்பிய மரங்களின் பெயர் சூடித் தமிழ் மழைநாளில் வந்து நிற்கின்றது; படிப்பவர் அதை நம்பி ஐப்பசி அடைமழையில் குளிர்ந்த உணவை நாடக்கூடும். மொழிபெயர்ப்பாளர் சரத் என்பதைச் ‘சரத் (மழைவிட்ட வெயிற்காலம்)’ எனவும், வசந்தத்தை ‘வசந்தம் (பனியுருகு காலம்)’ எனவும் நிலைமையால் விளக்கி, தமிழ் மாதப் பெயரைப் பனுவலில் சேர்க்காமல் அடிக்குறிப்பில் தருவது தக்கது. இரு பருவங்கள் கூடுமிடத்தில் முன்னதன் இறுதி ஏழு நாளும் பின்னதன் முதல் ஏழு நாளும் ருதுசந்தி என்றும், அப்பதினான்கு நாளில் பழைய ஒழுக்கத்தைச் சிறிது சிறிதாக விட்டுப் புதியதைக் கொள்க என்றும் வாக்படர் கூறுவார். அந்நாட்களைத் தமிழகத்தில் கணக்கிடுவோர் நாட்காட்டியோடு காற்றின் திசையையும் பார்த்தாக வேண்டும். தென்மேற்கு ஓய்ந்து வாடை தொடங்கும் நாள் ஆண்டுதோறும் ஒரே தேதியில் அமைவதில்லை.