பிழையான விளக்கமும் பலித்த சிகிச்சையும்: ஒவ்வாமைத் தணிப்பின் வரலாறு

சரியான கொள்கையிலிருந்தே சரியான செயல் பிறக்கும் என்பது பொதுவாக ஏற்கப்படும் கருத்தாகும். விஞ்ஞான வரலாறோ இக்கருத்துக்கு எப்போதும் இடந்தருவதில்லை. ஒவ்வாமையை விளைக்கும் பொருளையே சிறிது சிறிதாக உடலிற் செலுத்தி அவ்வொவ்வாமையைத் தணிக்கும் சிகிச்சையின் வரலாறு இதற்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டாகும்.

ஐரோப்பாவிற் கோடை தொடங்குங்கால் தும்மலாலும் மூக்கொழுகலாலும் கண்ணரிப்பாலும் பலர் துன்புறுவர். ‘வைக்கோற் காய்ச்சல்’ எனப்பட்ட இந்நோய்க்கு வெப்பமும் தூசியும் காரணங்களென முன்னர்க் கருதப்பட்டன. மான்செஸ்ரர் வைத்தியரான சாள்ஸ் பிளாக்லி தாமே இந்நோயால் வருந்தியவர். அவர் தம் தோலைச் சுரண்டி மகரந்தத்தை இட்டு வீக்கம் தோன்றுவதைக் கண்டார். பட்டங்களைப் பறக்கவிட்டு உயரத்தில் மிதக்கும் மகரந்தத்தையும் ஆராய்ந்தார். மகரந்தமே நோய்க்குக் காரணமென 1873இல் வெளியிட்ட நூலில் அவர் எடுத்துக்காட்டினார்.

ஆயின் மகரந்தம் எவ்வாறு நோய் தருகின்றது? கிருமிகளின் நஞ்சுக்கு எதிர்நஞ்சு கண்டு வெற்றி பெற்றிருந்த அக்கால வைத்திய உலகம், மகரந்தத்திலும் நஞ்சையே தேடியதில் வியப்பில்லை. ஹம்பேர்க் நகரில் வில்லியம் டன்பார் மகரந்த நஞ்சுக்கு மாற்றாகக் குதிரைகளின் குருதியிலிருந்து எதிர்நஞ்சு தயாரித்தார். இலண்டன் சென் மேரிஸ் வைத்தியசாலையிற் பணியாற்றிய லெனாட் நூன் என்பாரும் இந்நஞ்சுக் கொள்கையையே நம்பினார். எனினும் அவர் சென்ற வழி வேறு. திமோதிப் புல்லின் மகரந்தச் சாற்றை மிக நுண்ணிய அளவில் ஊசிமூலம் ஏற்றி, அளவைப் படிப்படியாக உயர்த்தினார். ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு மகரந்தத்திலிருந்து பெறப்படும் சாறே அவர் வகுத்த அலகாகும். நோயாளரின் தாங்குதிறனைக் குறைந்தது நூறு மடங்கு உயர்த்தலாமென்றும், மிகையான அளவு கேட்டையே கூட்டுமென்றும் 1911இல் அவர் அறிவித்தார். 1913இல் காசநோய் அவருயிரைக் கவர்ந்தது. சகபாடியான ஜோன் பிறீமன் அப்பணியைத் தொடர்ந்தார்.

மகரந்தம் நஞ்சன்று என்பதை இன்று நாம் அறிவோம். அது நஞ்சாயின் யாவரையும் தாக்கியிருத்தல் வேண்டும். மாறுபட்டிருப்பது பொருளன்று, அதனை எதிர்கொள்ளும் உடலே. வியன்னாவைச் சேர்ந்த பிர்க்கே 1906இல் ‘அலர்ஜி’ எனும் சொல்லை ஆக்கியபோது கருதியதும் இம்மாறுபாட்டையே. 1921இல் பிறவுஸ்னிற்ஸ் என்பார், மீன் ஒவ்வாத தம் நண்பர் கியூஸ்ற்னரின் குருதிநீரைத் தம் தோலில் ஏற்றி, மறுநாள் அவ்விடத்திலேயே மீன்சாற்றைச் செலுத்தினார். தோல் தடித்தது. ஒவ்வாமை குருதியில் உறையும் ஒரு பொருளால் விளைவதென்பது தெளிவாயிற்று. அப்பொருள் ஐ.ஜி.ஈ. எனும் பிறபொருளெதிரியே என்பதை 1966–67 காலத்தில் அமெரிக்காவில் இஷிசாக்கா தம்பதியினரும் சுவீடனில் ஜொஹான்சன், பென்னிச் ஆகியோரும் கண்டனர்.

இப்பிறபொருளெதிரி மாஸ்ற் கலங்களின் மேற்பரப்பில் அமர்ந்திருக்கும். ஒவ்வாப் பொருள் வந்து அதனைப் பிணைத்ததும் அக்கலங்கள் ஹிஸ்ரமின் முதலியவற்றைச் சிந்துகின்றன. பெனிசிலின் ஒவ்வாதார்க்கு அம்மருந்தையே சில மணிநேரத்தில் நுண்ணளவிலிருந்து ஏற்றிச் செல்லும்போது, கலங்கள் சிந்தாது அடங்குகின்றன. மருந்தை நிறுத்தினால் இவ்வடக்கமும் நீங்கும். ஆண்டுக்கணக்கில் நிகழும் நூனின் முறையிலோ, அடக்கியாளும் வெண்கலங்களும், ஒவ்வாப் பொருளை இடைமறிக்கும் வேறுவகைப் பிறபொருளெதிரிகளும் பெருகுவதால் பயன் நிலைக்கின்றது. இவ்விடைமறிப்பை குக் என்பாரும் அவர்தம் குழுவினரும் 1935இலேயே கண்டிருந்தனர்.

ஆகவே கொள்கை எதுவாயினும் செயல் பலித்தாற் போதுமென முடிவு செய்யலாமா? கூடாது. குளவி, தேனீ ஆகியவற்றின் கொட்டுக்கு ஒவ்வாதார்க்கு அப்பூச்சிகளின் முழுவுடற் சாறே பல்லாண்டுகள் ஏற்றப்பட்டு வந்தது. 1978இல் அமெரிக்காவில் வெளியான ஒப்பீட்டு ஆய்வு, அச்சாறு வெற்று மருந்தினும் மேலானதன்று என்றும், தூய கொடுக்கு நஞ்சே காப்பளித்தது என்றும் காட்டியது. பயனற்ற ஊசியை நம்பிப் பலர் பாதுகாப்பின்றி வாழ்ந்திருந்தனர் என்பது இதன் பொருள். பயனுள்ள ஊசியும் ஆபத்தற்றதன்று. உயிரிழப்புகள் நேர்ந்தமையால், உயிர்மீட்பு வசதியுள்ள இடங்களில் மட்டுமே அதனை அளிக்குமாறு 1986இல் பிரித்தானியாவிற் பணிக்கப்பட்டது.

நூனின் ஊசியும் பூச்சிச் சாறும் ஒருங்கே நம்பிக்கையிற் பிறந்தவை. நூனின் வழிமுறையை 1954இல் பிராங்லண்ட், ஒகஸ்ரின் ஆகியோர் கட்டுப்பாட்டு ஆய்வுக்கு உட்படுத்தினர். அது தேறி நின்றது. பூச்சிச் சாறு சோதனைக்கு வந்ததும் வீழ்ந்தது. சோதிக்கும்வரை இரண்டையும் பிரித்தறிய எவராலும் இயலவில்லை. பிழையான விளக்கத்தை வரலாறு மன்னிக்கலாம். சோதியாத நம்பிக்கைக்கு விலை கொடுப்போர் நோயாளரே என்பதை நாம் மறத்தலாகாது.