திருச்சியைச் சுற்றி ஒரு வான வரலாற்றுப் பயணம்

விண்வெளி வரலாறு என்றதும் நமக்கு ஸ்ரீஹரிகோட்டாவும் தும்பாவும்தான் ஞாபகத்துக்கு வரும். லீவுக்கு வரும் பேரப்பிள்ளைகளுக்கு மலைக்கோட்டையைக் காட்டுவோம், ஸ்ரீரங்கம் கூட்டிப் போவோம், ஒரு நாள் முக்கொம்பு. அவர்கள் ராக்கெட், செவ்வாய் கிரகம் என்று ஆரம்பித்தால் மட்டும், "அதெல்லாம் நம்ம ஊரில் ஏது?" என்று சொல்லிவிடுகிறோம். நம்ம ஊரிலும் இருக்கிறது. காலையில் புறப்பட்டால் மாலைக்குள் சுற்றி வந்துவிடலாம். ஒன்று மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். இந்த இடங்களில் கண்ணால் பார்ப்பதைவிட, பெரியவர்கள் வாயால் சொல்ல வேண்டியதுதான் அதிகம்.

முதல் இடம் உறையூரேதான். வெக்காளியம்மனுக்கு மேற்கூரை கிடையாது, வானமே கூரை. அம்மனைக் கும்பிட்டுவிட்டு, பிள்ளைகளுக்கு முதுகண்ணன் சாத்தனாரைப் பற்றிச் சொல்லலாம். சங்க காலத்து உறையூர்ப் புலவர். சோழன் நலங்கிள்ளியை அவர் பாடிய பாட்டு புறநானூற்றில் 30-ஆவதாக இருக்கிறது. சூரியன் செல்லும் வழி, அதன் இயக்கம், அது சுற்றும் வட்டம், காற்று செல்லும் திசை, எந்தத் தாங்கலும் இல்லாமல் நிற்கும் ஆகாயம் ஆகியவற்றை நேரில் போய் அளந்து வந்தவர்கள் போல, "இவ்வளவு" என்று சொல்பவர்கள் உண்டு என்கிறார். அவர்களாலும் உன் வலிமையை அளக்க முடியாது என்று அரசனைப் புகழ்வதுதான் பாட்டின் நோக்கம். ஆனால் வானத்துக்குக் கணக்குப் போட்டவர்கள் அன்றே இருந்தார்கள் என்பதும் அதிலிருந்து தெரிந்துவிடுகிறது. போகாமலே எப்படி அளப்பது? இந்தக் கேள்வியோடு கிளம்புவோம்.

காவிரிப் பாலம் தாண்டினால் திருவானைக்காவல். 1888 நவம்பர் 7 அன்று சி.வி. ராமன் இங்கே தன் தாய்வழிப் பாட்டனார் வீட்டில் பிறந்தார். ஒளி ஒரு பொருளின் மேல் பட்டுச் சிதறும்போது, அதில் மிகச் சிறிய பங்கு நிறம் மாறுகிறது என்பதை 1928 பிப்ரவரி 28 அன்று கல்கத்தாவில் கண்டுபிடித்தார். அந்த மாற்றத்தை அளந்தால், பொருளைத் தொடாமலே அது என்னவென்று சொல்லிவிடலாம். 2021 பிப்ரவரி 18 அன்று செவ்வாயில் இறங்கிய பெர்சவரன்ஸ் வண்டியில் சூப்பர்கேம், ஷெர்லாக் என்ற 2 கருவிகள் இதே முறையில் அங்குள்ள பாறைகளைச் சோதிக்கின்றன. ஆனைக்காவில் பிறந்தவர் கண்ட உண்மை செவ்வாய்க்குப் போய்விட்டது! ராமனுடைய அண்ணன் மகன்தான் நோபல் பரிசு பெற்ற சந்திரசேகர். 1999-இல் நாசா அனுப்பிய எக்ஸ்ரே தொலைநோக்கிக்கு அவர் நினைவாகச் சந்திரா என்று பெயர்.

திரும்பி வந்தால் தெப்பக்குளம் அருகே செயின்ட் ஜோசப் கல்லூரி. வகுப்பு நடக்கும் இடம் என்பதால், லூர்து மாதா கோயில் பக்கம் நின்று காட்டினாலே போதும். அப்துல் கலாம் இங்கே இயற்பியல் படித்து 1954-இல் பட்டம் பெற்றார். 26 ஆண்டு கழித்து, 1980 ஜூலை 18 அன்று, அவர் திட்ட இயக்குநராக இருந்த எஸ்.எல்.வி.-3 ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைப் பூமியைச் சுற்ற வைத்தது. சாத்தனார் சொன்ன ஆகாயத்துக்கு நாமே ஒன்றை அனுப்பிய நாள் அது.

அடுத்து புதுக்கோட்டை சாலை. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் அண்ணா அறிவியல் மையத்தின் கோளரங்கம் இருக்கிறது. வெயில் நேரத்தில் உட்கார்ந்து நட்சத்திரம் பார்க்க ஏற்ற இடம். பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும்.

அதே சாலையில் நேரே போனால் புதுக்கோட்டை. பலருக்குத் தெரியாத கதை இங்கேதான். 1871 டிசம்பர் 12 காலையில் தென்னிந்தியாவில் முழுச் சூரிய கிரகணம். ராமச்சந்திர தொண்டைமான் ஆண்ட காலம். ரோம் நகர வானாய்வகத்தைச் சேர்ந்த லொரென்சோ ரெஸ்பிகி என்ற இத்தாலியர், அதைப் பார்ப்பதற்காகவே புதுக்கோட்டைக்கு வந்தார்.

முழுக் கிரகணத்தின்போது சூரியனைச் சுற்றி ஒரு வெண்ணிற ஒளி தெரியும். அதற்குக் கொரோனா என்று பெயர். (சமீபத்தில் நம்மைப் படுத்திய கிருமிக்கு இந்தத் தோற்றத்தை வைத்துத்தான் பெயரிட்டார்கள்.) அது சூரியனுடையதா, நம் காற்று மண்டலம் காட்டும் மாயமா என்ற சந்தேகம் அப்போது முழுதாகத் தீரவில்லை. ரெஸ்பிகி தொலைநோக்கியின் முன்னால் ஒரு முப்பட்டகக் கண்ணாடியைப் பொருத்திப் பார்த்தார். வெண்ணிற ஒளி பிரிந்து சிவப்பு, பச்சை, நீலம் எனத் தனித்தனி வளையங்களாகத் தெரிந்தது. அதே காலையில் கேரளக் கரையோரம் பேக்கல் கோட்டையில் ஆங்கிலேயர் லாக்கியரும் நிற வளையங்களைக் கண்டார். கொரோனா சூரியனைச் சேர்ந்ததே என்ற முடிவுக்கு அன்றைய ஆய்வுகள் வலுச் சேர்த்தன.

அந்தப் பச்சை மட்டும் புதிராகவே நின்றது. தெரிந்த எந்தத் தனிமத்தோடும் அது பொருந்தாததால் 'கொரோனியம்' என்று புதுப் பெயர் வைத்துப் பார்த்தார்கள். அது 10 லட்சம் டிகிரிக்கும் மேலான வெப்பத்தில் இருக்கும் சாதாரண இரும்புதான் என்பது 1940-களில்தான் புரிந்தது. 2023 செப்டம்பர் 2 அன்று இந்தியா அனுப்பிய ஆதித்யா எல்-1, அதே பச்சை ஒளியையும் ஆராய்கிறது. அதன் திட்ட இயக்குநர் செங்கோட்டைக்காரரான நிகர் ஷாஜி. புதுக்கோட்டையில் ஒருவர் சில நிமிடம் பார்த்ததை இன்று விண்வெளியிலிருந்தே பார்க்கிறோம். திருக்கோகர்ணம் அருங்காட்சியகத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அங்கே மர நிழலில் உட்கார்ந்து இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

என் வயதுக்காரர்களுக்கு 1980 பிப்ரவரி 16 கிரகணம் ஞாபகம் இருக்கும். தெருவெல்லாம் வெறிச்சோடிக் கிடந்தது. பிள்ளைகளை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினோம். 2019 டிசம்பர் 26 அன்று நம்ம திருச்சியிலேயே வளையக் கிரகணம் தெரிந்தது. அன்றும் எத்தனையோ வீடுகளில் குழந்தைகளை வெளியே விடவில்லை. எங்கோ ரோமிலிருந்து ஒருவர் கப்பலேறி வந்து பார்த்த காட்சியை, வாசலில் வந்து நின்றபோதும் நம் பிள்ளைகளுக்குக் காட்டாமல் விட்டோம்.

வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது என்பது உண்மை. அதற்கென்று உள்ள கண்ணாடி போட்டுக்கொண்டால் பயமில்லை. அடுத்த வளையக் கிரகணம் 2031 மே 21 அன்று தேனி, மதுரை, காரைக்குடி வழியாகப் போகிறது. காரைக்குடி நமக்கு எட்டும் தூரம்தான். கோயில் நடை சாத்துவதும், கிரகணம் விட்டதும் குளிப்பதும் அவரவர் வழக்கப்படி நடக்கட்டும். பேரப்பிள்ளைகளுக்கு மட்டும் ஆளுக்கொரு கிரகணக் கண்ணாடி இப்போதே வாங்கி, பத்திரமாக எடுத்து வையுங்கள்.